இருபதாவது படி

போட்டி அறிக்கை சொன்னது:
ஒரு காகிதத்தில் முத்திரை விழ வேண்டும்.
கை படக் கூடாது.
தொடக்கத்துக்கும் முத்திரைக்கும் நடுவே
இருபது படியாவது வேண்டும்.
வெட்டாமல் ஒட்டாமல் ஒரே மூச்சில் படம்பிடித்து அனுப்புக.
நாற்பத்தொரு நாடுகள் அனுப்புகின்றன.

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதற்கு
உலக அளவில் பரிசு உண்டென்று
பரதராமியில் அதுவரை யாருக்கும் தெரியாது.

அப்பாவிடம் சொன்னேன்.
"ஒரு முத்திரைக்கு இருபது படியா?" என்றார்.
கொஞ்சம் யோசித்து
"கம்மிதான்" என்றார்.
எங்கள் சாதிச் சான்றிதழ் அப்போது
பதினாலாவது மாதத்தில் இருந்தது.
அம்மா சித்தூர்ப் பக்கம் பிறந்தவள்;
அந்தப் பக்கம் போய் ஒரு தாள் வாங்கி வா என்றார்கள்.
அந்தப் பக்கத்தில்
இந்தப் பக்கத்துத் தாள் எங்கே என்றார்கள்.

குடியாத்தம் தீப்பெட்டிக் கம்பெனியில்
அச்சு கோணிப்போன காலிப் பெட்டிகள்
ஒரு மூட்டை வாங்கி வந்தான் ஜீவரத்தினம்.
ஹேமாத்ரி வீட்டிலிருந்து மாம்பழக் கூழ் டின்கள்,
எறும்போடு.
நௌஷீன் தந்த பால்பேரிங்
அவள் அண்ணன் பைக்கில் இருந்தது.
அண்ணனுக்கு இன்னும் தெரியாது.
பதிவேட்டில் நான் கையெழுத்திட்டு வாங்கியது
ரப்பர் முத்திரை: "பெறப்பட்டது."

நூலை எரிக்க ஒரு மெழுகுவர்த்தியும் வைத்திருந்தோம்.
எட்டிப் பார்த்த தலைமையாசிரியர் எடுக்கச் சொல்லிவிட்டார்.
தீப்பெட்டி ஊரில் பிறந்தவர்,
நெருப்பென்றால் அவ்வளவு பயம்.

பேரிங் உருண்டு ஸ்கேலில் இறங்கும்
ஸ்கேல் டின்னைச் சாய்க்கும்
டின் மணலைக் கொட்டும்
மணலின் கனத்தில் தராசு தாழும்
அப்புறம் பெட்டிகள், பெட்டிகள்,
வேதியியல் ஆய்வகத்தின் நான்கு மேசைகளையும் சுற்றி
ஒன்றின் முதுகில் ஒன்றாய்.
ஓட முப்பத்தெட்டு நொடி.
அடுக்க இரண்டு மணி நேரம்.

ஜூன் மாதம், மின்விசிறி போடக் கூடாது.
நௌஷீன் தும்மியதில் ஒருமுறை
இருநூற்றுப் பன்னிரண்டு விழுந்தன.
யாரும் திட்டவில்லை.
நான்காவது தும்மலில்தான் திட்டினோம்.

முப்பத்திரண்டாவது முறை.
போனில் பதினொரு சதவீதம் சார்ஜ்.
எல்லாம் விழுந்து வந்தது
கடைசிப் பெட்டி வரை.
அது மட்டும் சாய்ந்தபடி
ஓர் ஆணித் தலையில் ஒட்டிக்கொண்டது.
விழவும் இல்லை, நிற்கவும் இல்லை.
ஹேமாத்ரியின் கை தானாக நீண்டது.
பிறகு அந்தக் கையை
இன்னொரு கையால் பிடித்துக்கொண்டான்.

எனக்கு அந்தப் பெட்டியைத் தெரியும்.
தாலுகா ஆபீசில் பார்த்திருக்கிறேன்.
நாளைக்கு வா என்று சொல்லும்.

படம் ஓடிக்கொண்டிருந்தது.
ஒன்பது சதவீதம்.

அப்போது செக்போஸ்ட் தாண்டி
கிரானைட் ஏற்றிய சித்தூர் லாரி ஒன்று
வேகத்தடையில் ஏறி இறங்கியது.
ஜன்னல் கண்ணாடி நடுங்கியது.
பீக்கர்கள் ஒன்றோடொன்று பேசின.
பெட்டி விழுந்தது.
முத்திரையும்.
கோணலாக. "பெறப்" வரை கறுப்பு,
மிச்சம் சாம்பல்.

லாரி செல்லுமா என்று சண்டை.
"கைதான் படக் கூடாது, லாரி படலாம்" என்றாள் நௌஷீன்.
படிகளை எழுத உட்கார்ந்த ஜீவரத்தினம்
விரல்விட்டு எண்ணினான், மறுபடி எண்ணினான்.
மெழுகுவர்த்தி போனதில் நாங்கள் வைத்தது
பத்தொன்பதுதான்.
யாரும் ஒன்றும் பேசவில்லை.
ஹேமாத்ரி பேனாவை வாங்கி எழுதினான்:
இருபது, லாரி.

அப்பா அந்த வீடியோவை மூன்று தடவை பார்த்தார்.
பரிசு எவ்வளவென்று கேட்கவில்லை.
எந்த நாட்டுக்குப் போகிறது என்றும் கேட்கவில்லை.
போனைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டார்:
"அந்த லாரி நம்பர் இதில தெரியுதா?"